மலைமரம் கப்பலேற

நூறு வருடம் கவாத்து வாங்கிய தேயிலைச் செடியின் வளர்ச்சியெல்லாம் மண்ணுக்குப் பக்கத்திலேயே திரண்டுவிடும். மேலே இடுப்பளவு பச்சை, கீழே முறுக்கேறிக் கல்லாகிப்போன தூர். மூணாறு, தேவிகுளம் பக்கத் தோட்டங்களில் மறுநடவுக்காகப் பழைய செடிகளைப் பிடுங்கும்போது இந்தத் தூர்கள் வெளியே வருகின்றன. பெரும்பாலானவை அடுப்புக்குப் போகும். சிலவற்றை மரப்பட்டறைக்காரர்கள் வாங்கி, பட்டை சீவி, கிளை நுனிகளை ஒரே மட்டத்தில் அறுத்து, மேலே கண்ணாடி வைத்து டீப்பாய் ஆக்குகிறார்கள். நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் இதே வேலை உண்டு.

மூணாறு மரம் என்பது தேயிலைத் தூரோடு முடிவதில்லை. தேயிலைக்கு நிழலாக நட்ட சில்வர் ஓக், அடிமாலிக்குக் கீழே வீட்டுத் தோட்டங்களில் வளரும் பலா, அயினி, மகோகனி, தேக்கு, நேரியமங்கலம் தாண்டினால் ரப்பர் என எல்லாம் ஒரே சாலையில் இறங்குகின்றன. இறங்கிய மரம் கோதமங்கலத்தை அடுத்த நெல்லிக்குழியில் கட்டிலாகவும் அலமாரியாகவும் மாறுகிறது. ஆலுவா–மூணாறு சாலையில், இருபுறமும் சாமான் கடைகளாக நிற்கும் ஊர் அது. உள்நாட்டுக்கு அங்கிருந்து லாரி லாரியாகப் போகிறது. வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் பட்டறைக்காரர்தான் திகைத்து நிற்கிறார். அவருடைய தடை உளி பிடிக்கும் கையில் இல்லை. மரத்துக்குள் நிற்கும் ஈரத்திலும், மரத்தோடு கூட வராத காகிதத்திலும் இருக்கிறது. சாலை, பணம், வரி எல்லாம் அதற்கு அடுத்தவை.

காகிதத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் அது மரம் விழும் அன்றைக்கே தொடங்குகிறது.

மூணாறு அடங்கிய இடுக்கி மாவட்டத்தில் மரத்தின் உடைமை சிக்கலானது. 1964ஆம் ஆண்டின் நில ஒதுக்கீட்டு விதிகளின்படி பட்டா கிடைத்த நிலத்தில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் போன்ற மரங்கள் அரசுக்கு உரியவை. ஊரில் இவற்றை ராஜமரம் என்பார்கள். கண்ணன் தேவன் மலைகளின் நிலத்துக்கு 1971இல் தனிச் சட்டம் வந்தது. ஏலமலைப் பகுதி காடா, வருவாய் நிலமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2020 அக்டோபரில் பட்டா நில மரங்களை வெட்ட அனுமதிப்பதுபோல் ஓர் அரசாணை வந்தது. அதைக் காட்டி வயநாட்டின் முட்டிலில் ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டு, பெரிய விவகாரமாகி, 2021 பிப்ரவரியில் ஆணை ரத்தானது. அந்தச் சில மாதங்களில் நல்ல எண்ணத்தோடு மரம் வாங்கிய தச்சரும் சந்தேகத்துக்கு ஆளானார். ஒரே மலைச்சரிவில் பக்கத்துப் பக்கத்து நிலங்களில் நின்ற இரண்டு பலாமரங்களில் ஒன்று ஏற்றுமதிக்கு ஆகும், இன்னொன்று ஆகாது என்ற நிலை இங்கே சாதாரணம்.

மரம் வெட்டுபவரிடமிருந்து தரகர், தரகரிடமிருந்து மரமில், மில்லிலிருந்து டிப்போ, டிப்போவிலிருந்து பட்டறை என்று நான்கு கை மாறுகிறது. மில் வாசலில் ஐந்து நிலத்து மரம் ஒரே குவியலில் கிடக்கும். அறுத்துப் பலகையானதும் எந்தப் பலகை எந்த மரம் என்று மில்காரராலேயே சொல்ல முடியாது. உள்நாட்டு வியாபாரத்துக்கு அது போதும். வெளிநாட்டுக் கொள்முதல்காரர் கேட்பதோ அந்தக் குவியலுக்கு முந்திய கதையை.

அவர் விருப்பத்துக்காகக் கேட்பதில்லை, அவருடைய நாட்டுச் சட்டம் கேட்க வைக்கிறது. அமெரிக்காவின் லேசி சட்டம் 2008இல் திருத்தப்பட்டு, திருட்டு மரத்தில் செய்த பொருளை இறக்குமதி செய்வது குற்றமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மர ஒழுங்குமுறை 2013 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதன் இடத்தைப் பிடிக்க 2023இல் காடழிப்புக்கு எதிரான புதிய சட்டம் நிறைவேறியது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த மரமோ ரப்பரோ காப்பியோ உள்ளே வரக்கூடாது என்பது அதன் சாரம். மர நாற்காலியும் மேசையும் அந்தப் பட்டியலில் உள்ளன. மரம் நின்ற நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வரை இறக்குமதியாளர் பதிய வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதி இருமுறை தள்ளிப்போடப்பட்டது. 2025இல் இந்தியாவைக் குறைந்த ஆபத்துள்ள நாடாக வகைப்படுத்தியிருப்பதால் ஆய்வுச் சுமை சற்றுக் குறையும். ஆனால் இடக்குறிப்பு வேண்டும் என்பதில் தளர்வில்லை.

மலையில் பலருக்கு இது பூதாகரமாகத் தெரிகிறது. உண்மையில் செய்ய வேண்டிய வேலை சிறியது. மரம் விழும் இடத்தில் கைப்பேசியைத் திறந்து இடக்குறிப்பைப் பதிந்து, பட்டா நகலோடு சேர்த்து வைத்தால் முதல் படி முடிந்தது. அந்த மரத்தின் கட்டைகளுக்கு ஒரே வண்ணத்தில் சாயம் பூசி, மில்லில் தனியாக அறுக்கச் சொன்னால் இரண்டாவது படி. அன்றைக்குச் செய்யாவிட்டால் ஆறு மாதம் கழித்து எந்த அதிகாரியாலும் அதை மீட்டுத் தர முடியாது. தேயிலைத் தூருக்கு இதில் ஒரு வசதி உண்டு. தோட்டத்து வாசலில் லாரி ஏறும்போதே ரசீது வாங்கிவிட்டால், எந்தக் களத்தில் பிடுங்கியது என்பது வரை எழுதிவிடலாம். வாங்காமல் விறகு விலைக்கு ஓட்டிவந்த தூர், எவ்வளவு அழகான டீப்பாயானாலும் கொச்சியோடு நின்றுவிடும்.

ஈட்டிக்கு இன்னொரு பூட்டு இருக்கிறது. அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 ஜனவரியில் சேர்ந்தது. அதே இனத்தைச் சேர்ந்த சீஷம் மரத்தை நம்பியிருந்த வடஇந்தியப் பட்டறைகளுக்கு அது பெரிய அடி. ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 500, 600 கோடிக்கு இறங்கியது என்று மத்திய அரசே பின்னர் கூறியது. 2022 நவம்பரில் பனாமா மாநாட்டில், ஒரு பொருளில் உள்ள மரத்தின் எடை 10 கிலோவுக்குள் இருந்தால் அனுமதிச் சீட்டு தேவையில்லை என்ற விளக்கத்தை இந்தியா பெற்றது. அதனால் ஈட்டியில் கடைந்த முக்காலி கடந்து போகலாம். கட்டில் போகாது. அதற்குக் கைவினைப் பொருள் ஏற்றுமதி ஊக்குவிப்பு மன்றம் தரும் விருக்ஷ் சான்று வேண்டும். அதைப் பெறவும் மரம் வாங்கிய மூலச் சீட்டுதான் அடிப்படை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கேள்வி மரம் விழுந்த இடத்துக்கே வந்து சேர்கிறது.

அடுத்தது ஈரம். இதுதான் மூணாறு வட்டாரத்தின் உள்ளூர்த் தடை.

இந்தியாவில் மரச்சாமான் ஏற்றுமதிக்குப் பெயர் போன ஊர் ஜோத்பூர். தார்ப் பாலைவனத்தின் ஓரத்தில் நிற்கிறது. அங்கே பெருங்காடு இல்லை. மாமரமும் சீஷமும் வெளியிலிருந்து வருகின்றன. ஆனால் காற்று வறண்டது. பலகையை அடுக்கி நிழலில் விட்டால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். மூணாறில் மரம் இருக்கிறது, காற்று ஈரம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவம், அது ஓய்ந்ததும் வடகிழக்கு, நடுவில் மூடுபனி. மழைக்காலத்தில் கொட்டகையில் வருடக்கணக்கில் கிடந்த பலகையில் ஈரமானியைக் குத்தினாலும் 16, 18 என்று காட்டும். மரத்தை எவ்வளவு நாள் வைத்தாலும் சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குக் கீழே அது போகாது. நாள்பட்ட மரம் காய்ந்த மரம் என்ற பழைய தச்சர் கணக்கு சமவெளியில் பொருந்தும், இங்கே பொருந்தாது.

அந்த 16 சதவீத ஈரத்தோடு செய்த மேசை ஜெர்மனியில் ஒரு வீட்டுக்குள் போகிறது. அங்கே குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குவார்கள், உள்காற்று உலர்ந்துபோகும், மரம் 7 சதவீதத்துக்கு இறங்கும். தேக்கே ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் சுருங்கிவிடும். மேசைப் பலகையை நான்கு பக்கச் சட்டத்தில் பசை போட்டு இறுக்கியிருந்தால் அதற்குச் சுருங்க இடமில்லை. நடுவில் கிழியும். இந்த வழியில் பல பட்டறைகள் முதல் ஆர்டரோடு வெளிநாட்டுக் கணக்கை மூடிக்கொண்டிருக்கின்றன. பெட்டி ஏறியபோது பளிங்குபோல் இருந்த மேசை பிப்ரவரியில் வெடித்துவிட்டது என்று படம் வரும். வேலை சுத்தமாகத்தான் இருந்தது என்று ஆசாரி சொல்வார். அவர் சொல்வதும் சரி.

மருந்து இரண்டு. ஒன்று சூளையில் உலர்த்துவது. ரப்பர் மரத்துக்கு இது கட்டாயம். இருபத்தைந்து, முப்பது வருடம் பால் வெட்டிய பிறகு அறுக்கும் இந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூஞ்சை பிடிக்கும், துளைவண்டு ஏறும். உடனே அறுத்து, போரக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளைக்கு அனுப்பினால்தான் வெள்ளை நிறம் நிற்கும். மலேசியாவில் மூவார் ஊர் இந்த ஒழுங்கை முன்பே பழகியதால்தான் விறகாகக் கிடந்த ரப்பர் மரத்தை உலகச் சந்தைச் சாமானாக்கியது. தேயிலைத் தூருக்குச் சூளையைவிடப் பொறுமை வேண்டும். வேரும் தண்டும் சேரும் முடிச்சில் இழை நாலாபக்கமும் ஓடுவதால் வேகமாக உலர்த்தினால் அங்கேயே பிளக்கும். அறுத்த முனைகளில் மெழுகோ பழைய பெயிண்டோ தடவி, ஈரம் பக்கவாட்டில் மெதுவாக வெளியேற விட வேண்டும்.

இரண்டாவது மருந்து கட்டுமானத்தில் இருக்கிறது. பலகையைச் சட்டத்தோடு ஒட்டாமல் காடிக்குள் மிதக்க விடுவது, மேசைத் தட்டை அடியிலிருந்து நீள்துளை வழியாகத் திருகுவது. பழைய கதவு செய்தவர்களுக்கு இது தெரியாததல்ல. கதவுப் பலகையைக் காடியில் பசை போடாமல்தான் அவர்கள் செருகினார்கள். பிளைவுட் வந்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது, அவ்வளவுதான்.

சூளை ஒற்றைப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. சிறு பட்டறைகள் சேர்ந்து பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் சிறுதொழில் குழும மேம்பாட்டுத் திட்டத்தில் மானியம் உண்டு. மரத்தின் இனத்தையும் ஈரத்தையும் சோதிக்க திருச்சூர் மாவட்டத்துப் பீச்சியில் 1975இல் தொடங்கிய கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மூணாறிலிருந்து பீச்சி ஒரு நாள் பயணத்துக்குள்தான்.

ஈரம் முடிந்தால் மண். தேயிலைத் தூரின் அழகே அதன் சந்துபொந்துகள்தான். அந்தச் சந்துகளில்தான் மண் ஒளிந்திருக்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் ஒரு சிட்டிகை மண்ணையும் பட்டைத் துணுக்கையும் விடமாட்டா. அவற்றோடு பூச்சி முட்டையும் பூஞ்சையும் வரும் என்பது அவர்கள் பயம், நியாயமான பயம். கூடம் ஒன்றில் இதைச் செய்வதைப் பார்த்தால் வேலையின் கனம் புரியும். முதலில் அழுத்தக் குழாயில் தண்ணீர் அடிக்கிறார்கள். பிறகு கம்பிப் பிரஷ். பிரஷ் எட்டாத இடத்துக்குத் தட்டையாக்கிய சைக்கிள் கம்பி. இரண்டு வேர் ஒன்றையொன்று தழுவி ஒட்டிய இடத்தில் சிக்கிய கூழாங்கல்லை எடுக்க வழியே இல்லாமல் ஒரு வேரை அறுத்துவிட வேண்டிவரும். ஒரு தூருக்கு ஒருவர் இரண்டு நாள் உட்காருவார். உள்ளூர்ச் சுற்றுலாப் பயணிக்கு விற்கும் தூருக்கு இதில் கால்வாசி உழைப்புகூட வேண்டாம். ஏற்றுமதி விலையைக் கணக்கிடும்போது இந்த இரண்டு நாள் கூலியை மறந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

சாமான் சுத்தமானாலும் அதைச் சுமக்கும் பெட்டி மாட்டிவிடும். பெட்டிக்கும் பேலட்டுக்கும் பயன்படும் கச்சா மரம் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி வெப்பம் தொடர்ந்து 30 நிமிடம் படும்படி சூடாக்கப்பட்டு, கோதுமைக் கதிர் முத்திரை பெற்றிருக்க வேண்டும். முத்திரையை அங்கீகாரம் பெற்ற நிலையங்கள் மட்டுமே போடலாம். பட்டறையில் மிஞ்சிய சில்வர் ஓக் பலகையில் தானே பெட்டி அடித்து அனுப்பியதால், உள்ளேயிருந்த நல்ல சாமானும் துறைமுகத்தில் திருப்பியனுப்பப்பட்ட கதைகள் இந்தத் தொழிலில் பரவலாகச் சொல்லப்படுபவை. பிளைவுட் பெட்டிக்கு இந்த விதி கிடையாது. பெரும்பாவூர் அருகிலேயே பிளைவுட் ஆலைகள் வரிசையாக இருக்கும்போது பலகைப் பெட்டி அடிப்பது வீண் வம்பு.

சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூணாறிலிருந்து முதலில் வெளிநாடு போன பொருள் கொச்சி வழியாகப் போகவில்லை. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, 1908இல் அது சிறு ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிநாயக்கனூர் போயின. 1924 வெள்ளத்தில் ரயில் அழிந்தது. இன்று வழி மேற்கே. கொண்டை ஊசிகளில் இறங்கி, நேரியமங்கலத்தில் 1935இல் கட்டிய வளைவுப் பாலத்தைத் தாண்டிக் கொச்சிக்குப் போக வேண்டும். நேரியமங்கலம் முதல் வாளறை வரை சுமார் 14.5 கிலோமீட்டர் சாலையை அகலப்படுத்தும் பணியை 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் தடுத்தது. நாற்பதடி கண்டெய்னர் லாரி மலையேறுவதை நினைத்துப் பார்க்க வேண்டாம். சாமானைச் சிறு லாரியில் இறக்கி, அடிவாரத்திலோ கொச்சியின் வல்லார்பாடம் முனையத்தின் அருகிலோ கண்டெய்னரில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு ஏற்றி இறக்கலிலும் ஒரு கால் ஒடியும், ஒரு பாலிஷ் உரியும்.

கண்டெய்னர் வாடகை எடையைப் பார்ப்பதில்லை, இடத்தைப் பார்க்கும். இருபதடிப் பெட்டியின் உள்ளளவு ஏறத்தாழ 33 கனமீட்டர். கழற்றி அடுக்கும் நாற்காலி அதில் நூற்றுக்கணக்கில் போகும். முழுசாகச் செய்த சோபாவும் தேயிலைத் தூரும் காற்றைத்தான் சுமக்கும். தூரை மடிக்க முடியாது. அதனால் கண்ணாடியை அனுப்பாமல் தூரை மட்டும் அனுப்பி, அளவைக் கொடுத்து, கண்ணாடியை அங்கேயே வெட்டி உறுதியாக்கிக்கொள்ளச் சொல்வது நல்ல வழி. கண்ணாடி உடையும் கவலையும் தீரும். செங்கடலில் 2023 இறுதியில் தாக்குதல்கள் தொடங்கியபின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் ஐரோப்பாவுக்கு இரண்டு வாரம் வரை கூடுதலானது. அந்த இரண்டு வாரமும் பெட்டிக்குள் பகலில் ஆவியாகும் ஈரம் இரவில் கூரையிலிருந்து சொட்டும். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவதில் காசு பார்த்தால் பூஞ்சை பிடித்த சாமான்தான் போய்ச் சேரும்.

கொள்முதல்காரர் கேட்பது ஒரே மாதிரியான இருநூறு துண்டு. தேயிலைத் தூரில் ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது. இதைக் குறையாகச் சொல்லி விலையைக் குறைப்பார்கள். எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கப் படமும் உயரமும் எடையும் எழுதிப் பட்டியல் அனுப்பினால், அதே குணம்தான் விலையை உயர்த்தும். அலமாரிக்காரருக்கு வேறு சோதனைகள். அமெரிக்காவுக்குப் போகும் பிளைவுட்டிலும் எம்டிஎஃப் பலகையிலும் ஃபார்மால்டிஹைடு வாயு வரம்புக்குள் இருக்க வேண்டும். துணி அலமாரி குழந்தை மேல் சாயாது என்ற நிலைத்தன்மைச் சோதனை 2023 செப்டம்பர் முதல் அங்கே கட்டாயம். பாலிஷிலும் பெயிண்டிலும் ஈயம் பார்ப்பார்கள்.

வரி ஒரு காலத்தில் தடையாகவே இல்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் மரச்சாமானைப் பெரும்பாலும் சுங்கமின்றியே உள்ளே விட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரை கூடுதல் வரி போட்டது. அக்டோபரில் மெத்தை வைத்த மர இருக்கைகளுக்கும் சமையலறை அலமாரிகளுக்கும் தனியாக 25 சதவீதம் வந்தது. ஒரே நாட்டை நம்பி ஆர்டர் எடுத்தவர்கள் தவித்தார்கள். வரியைப் பட்டறையால் மாற்ற முடியாது. சந்தையை இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொள்ளத்தான் முடியும்.

பணத்தில் சிறு பட்டறை தடுமாறுவது நாள் கணக்கால். மரம் ரொக்கத்துக்கு, கூலி வாரத்துக்கு, சாமானின் பணமோ கப்பல் சேர்ந்து அறுபது, தொண்ணூறு நாள் கழித்து. மூன்றில் ஒரு பங்கையாவது முன்பணமாக வாங்காமல் மரத்தில் ரம்பம் வைக்கக்கூடாது. வாங்கியவர் கைவிட்டால் ஈடு தர 1957 முதல் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம் இருக்கிறது. சிறு ஏற்றுமதியாளருக்கும் அதில் காப்புண்டு. ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணும் வங்கிப் பதிவும் சுங்கப் பதிவும் சில நாள் வேலைதான். அவற்றுக்குப் பயந்து தரகரிடம் பெயரை விட்டுக்கொடுப்பவர், பின்னர் வாங்குபவரையும் விட்டுக்கொடுக்க நேரிடும்.

கிழக்கே தூத்துக்குடியில் 2022 மார்ச்சில் 1,156 ஏக்கரில் சர்வதேச அறைகலன் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கே பெரிய நிறுவனங்கள் வரலாம். மலையடிவாரப் பட்டறைகளுக்கு அவ்வளவு நிலம் தேவையில்லை. அடிமாலிக்கும் நெல்லிக்குழிக்கும் நடுவில் பத்துப் பட்டறை சேர்ந்து நடத்தும் ஒரு சூளை, ஓர் ஈரமானி, மரம் வந்த இடத்தை எழுதும் ஒரு பேரேடு போதும். தோட்டங்களில் மறுநடவுக்குச் செடி பிடுங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் தூர் லோடு ஏறும்போது களத்தின் பெயரையும் தேதியையும் ரசீதில் எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் விலை பேசுவதற்கு முன்னால் அந்த ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும்.